பிள்ளை பிறக்கட்டும், பிறகு பார்ப்போம்: கர்ப்ப காலத்து மார்பகப் புற்றுநோய் ஏன் பிந்திப் பிடிபடுகிறது

கர்ப்பிணியின் மார்பில் வந்த கட்டியைப் பயொப்சி செய்து, அதாவது அதிலிருந்து ஒரு சின்னச் சதைத் துண்டு எடுத்துச் சோதித்துப் பார்த்தால், பத்தில் எட்டுத் தடவை அது புற்றுநோயாக இருப்பதில்லை. பால் சுரப்பிகள் பெருத்து உண்டான சாதாரணக் கட்டி, பால் தேங்கிய நீர்க்கட்டி, முன்பே இருந்து கர்ப்பத்தில் கொஞ்சம் வளர்ந்த நார்க்கட்டி, சீழ்க்கட்டி என்று ஏதாவது ஒன்றாகத்தான் இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதைத் தேடிப் படிப்பவர்களில் சிலர் இன்றைக்குத்தான் கையில் ஒரு கட்டி தட்டுப்பட்டு, தூக்கம் வராமல் போனும் கையுமாக இருப்பீர்கள்.

மற்ற இரண்டு தடவைதான் சிக்கல். அந்த இரண்டையும் முந்திய எட்டிலிருந்து தொட்டுப் பார்த்துப் பிரிக்க முடியாது. நாலு பிள்ளை பெற்ற அம்மாவாலும் முடியாது, இருபது வருட அனுபவமுள்ள மிட்வைஃபாலும் முடியாது, பெரிய சத்திரசிகிச்சை நிபுணராலும் முடியாது. ஸ்கேனும் பயொப்சியும்தான் சொல்லும். கர்ப்ப காலத்தில் வரும் மார்பகப் புற்றுநோய் உயிருக்கு ஆபத்தாவது பெரும்பாலும் அந்த இரண்டு பரிசோதனைகளும் பிந்துவதால்தான். இந்தக் கட்டுரை முழுக்க அந்தத் தாமதத்தைப் பற்றியதுதான்: அது எங்கே உண்டாகிறது, அதைத் தவிர்த்தால் என்ன கிடைக்கிறது.

கர்ப்பமாக இருக்கும்போதோ பிள்ளை பிறந்து ஒரு வருடத்துக்குள்ளோ கண்டுபிடிக்கப்படும் மார்பகப் புற்றுநோயை மருத்துவர்கள் ஒரே வகையில் சேர்த்துப் பேசுவார்கள். உலக அளவில் ஏறத்தாழ 3,000 கர்ப்பங்களுக்கு ஒன்று என்ற கணக்கு அடிக்கடி சொல்லப்படும். சில கணிப்புகளில் இது 10,000க்கு ஒன்று வரை இறங்கும். இலங்கையில் வருடத்துக்கு இரண்டு இலட்சத்துக்கு மேல் பிள்ளைகள் பிறக்கின்றன. 3,000க்கு ஒன்று என்று வைத்தால், நாடு முழுவதும் எழுபது தாய்மார் அளவில் வரும். அரிது என்று சொல்லலாம். அந்த எழுபது பேரில் ஒருவராக இருப்பவருக்கு அந்தச் சொல்லால் ஒரு பிரயோசனமும் இல்லை. இலங்கைப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகத்துக்குத்தான், நான்கில் ஒன்று அளவுக்கு. முன்பு இருபத்திரண்டு வயதில் முதல் பிள்ளை பெற்றோம். இப்போது படிப்பு, வேலை, வெளிநாடு போன கணவர் என்று முப்பதைத் தாண்டி முதல் கர்ப்பம் வருவது கொழும்பில் சாதாரணம். கர்ப்ப காலத்து மார்பகப் புற்றுநோயும் பெரும்பாலும் முப்பதுகளில்தான் கண்டுபிடிக்கப்படுகிறது. வயது ஏற ஏற இரண்டும் ஒன்றாகச் சந்திக்கும் வாய்ப்பும் கூடும்.

தாமதம் எங்கே உட்கார்ந்திருக்கிறது

முதல் தாமதம் உடம்பில். கர்ப்பத்தில் ஈஸ்ட்ரஜன், புரொஜெஸ்ட்ரோன், புரொலக்டின் எல்லாம் சேர்ந்து மார்பைப் பாலுக்குத் தயார் செய்கின்றன. மார்பின் நிறை ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. தொட்டால் எங்கும் முடிச்சு முடிச்சாக, இறுக்கமாக இருக்கும். இரண்டாம் மாதத்தில் தெளிவாகத் தட்டுப்பட்டிருக்கக்கூடிய ஒரு சின்னக் கட்டி, ஏழாம் மாதத்தில் அந்த இறுக்கத்துக்குள் ஒளிந்துவிடும். அதனால்தான் கர்ப்பம் உறுதியானவுடன், மார்பு இன்னும் மாறாத முதல் வாரங்களிலேயே ஒரு தடவை டொக்டரிடம் காட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது. முதல் கிளினிக்கில் இதயம், நுரையீரல், தைரொயிட் எல்லாம் பார்க்கும்போது, "மார்பையும் ஒருக்கா பாருங்கோ டொக்டர்" என்று நீங்களே வாய் திறந்து கேளுங்கள். அவர்கள் மறந்தாலும் நீங்கள் மறக்க வேண்டாம்.

இரண்டாவது தாமதம் வீட்டில். ஐந்தாம் மாதத்தில் குளிக்கும்போது ஒரு கட்டி தட்டுப்படுகிறது, வலியில்லை என்று வையுங்கள். அம்மாவிடம் சொன்னால், "பால் ஊறத் தொடங்குது பிள்ளை, அப்படித்தான் இருக்கும்" என்பார். மாமி சுடுதண்ணி ஒத்தடம் கொடுக்கச் சொல்வார். கணவருக்குப் பயம், பயத்தை மறைத்துக்கொண்டு, "பிள்ளை பிறக்கட்டும், பிறகு காட்டுவம்" என்பார். இவர்களில் ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. எல்லோரும் அந்தப் பெண்ணைப் பதற விடக்கூடாது என்றுதான் நினைக்கிறார்கள். கர்ப்பிணியிடம் கெட்ட வார்த்தை சொல்லக்கூடாது, புற்றுநோய் என்ற பேச்சே வீட்டில் எடுக்கக்கூடாது என்ற வழக்கமும் சேர்ந்துகொள்கிறது. ஐந்தாம் மாதத்திலிருந்து பிரசவம் வரை நாலு மாதம். பிறகு நாற்பத்தொரு நாள் கழியட்டும் என்பார்கள். பிறகு பால் கொடுக்கும் காலம், அப்போதும் மார்பு முடிச்சாகத்தான் இருக்கும். இப்படியே ஒரு வருடம் ஓடிவிடும்.

அந்த ஒரு வருடம் என்ன செய்யும்? புற்றுநோயின் வளர்ச்சி வேகத்தை வைத்து 1990களில் செய்த ஒரு கணக்கீட்டின்படி, ஒரு மாதத் தாமதம் அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்கு நோய் பரவும் அபாயத்தை 0.9 முதல் 1.8 சதவீதம் வரை கூட்டுகிறது. ஆறு மாதமானால் அது 5 முதல் 10 சதவீதம் ஆகிறது. இளம் வயதில் வரும் மார்பகப் புற்றுநோய் பெரும்பாலும் வேகமாக வளரும் வகை. ஹோர்மோன் மருந்துக்கு மசியாத வகையும் அதில் அதிகம். அதனால் கூடிய எண்ணைத்தான் நான் மனதில் வைப்பேன்.

மூன்றாவது தாமதம் கிளினிக்கில். இதைக் குறையாகச் சொல்லவில்லை. இலங்கையின் தாய் சேய் நலச் சேவை உண்மையிலேயே பெருமைப்படத்தக்கது. மிட்வைஃப் வீடு தேடி வருகிறார், பிரஷர், சீனி, இரும்புச்சத்து எல்லாம் ஒழுங்காகப் பார்க்கப்படுகிறது. ஆனால் அந்தக் கிளினிக்கின் கண் வயிற்றின் மேல். மார்பைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கடைசி மாதங்களில், பால் கொடுப்பதற்குக் காம்பு சரியாக இருக்கிறதா என்ற கேள்வியாகத்தான் வருகிறது. மாநகர சபைக் கிளினிக் ஒன்றில், பின்னால் நீண்ட வரிசை நிற்க, திரைக்கு அந்தப் பக்கம் பக்கத்துத் தெருக்காரி உட்கார்ந்திருக்க, சிங்களம் தட்டுத்தடுமாறிப் பேசும் ஒரு பெண் எப்படி மார்புக் கட்டியைப் பற்றிப் பேச்செடுப்பார்? எத்தனையோ பேர் சொல்லாமலே திரும்பி வந்துவிடுகிறார்கள்.

பெண்களுக்கென்று நடக்கும் வெல் வுமன் கிளினிக்குகளில் 1996 முதல் மார்புப் பரிசோதனை செய்கிறார்கள். அது நல்ல ஏற்பாடு. ஆனால் அது முப்பத்தைந்து வயதுக்காரரை மையமாக வைத்த திட்டம். முப்பத்தொரு வயதில் முதல் பிள்ளையைச் சுமப்பவர் அந்த வலையில் விழமாட்டார். கர்ப்பக் கிளினிக்தான் அவருக்குக் கிடைக்கும் ஒரே சந்தர்ப்பம்.

நாலாவது தாமதம் பயத்தால் வருவது. ஸ்கேன் எடுத்தால் பிள்ளைக்கு ஆகாது, ஊசி குத்தினால் கட்டி பரவும், மயக்க மருந்து கொடுத்தால் கர்ப்பம் கலையும். இந்த மூன்றையும் படித்தவர்கள் வாயாலும் கேட்கலாம். மூன்றும் பிழை. ஏன் பிழை என்பதைப் பரிசோதனை அறைக்குள் போய்ப் பார்ப்போம்.

இரண்டு வாரம்

ஒரு கட்டியோ தடிப்போ இரண்டு வாரத்துக்கு மேல் மாறாமல் இருந்தால் ஸ்கேன் செய்ய வேண்டும். கர்ப்பமாக இருந்தாலும் அதுதான், பால் கொடுத்துக்கொண்டிருந்தாலும் அதுதான். பால் தேங்கியதால் வந்த கட்டி என்றால் பிள்ளை குடித்தபின் சிறுக்கும், சில நாளில் கரையும். மாறாமல் அதே இடத்தில் நிற்பது, வலியில்லாமல் இறுகியிருப்பது, ஒரு பக்கக் காம்பிலிருந்து மட்டும் திரும்பத் திரும்ப இரத்தம் கசிவது, காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்வது, தோல் தடித்துத் தோடம்பழத் தோல் போலப் புள்ளி புள்ளியாவது, அக்குளில் நெறி, இவையெல்லாம் காத்திருக்கும் விஷயங்கள் இல்லை. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இரண்டு காம்பிலும் கொஞ்சம் இரத்தம் கலந்த கசிவு வந்து தானாக நிற்பதும் உண்டு. இருந்தாலும் காட்டிவிடுங்கள்.

பால் கொடுக்கும் தாய்மாருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மார்பு சிவந்து, சூடாகி, காய்ச்சலோடு வருவது பெரும்பாலும் கிருமித் தொற்று. அன்டிபயோட்டிக் குடித்தால் சில நாளில் குறையும். ஒரு கோர்ஸ் முழுக்க முடிந்தும் சிவப்பும் தடிப்பும் அப்படியே இருந்தால், இரண்டாவது கோர்ஸ் எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகக்கூடாது. அழற்சி வகைப் புற்றுநோய் அச்சொட்டாக இதே தோற்றத்தில்தான் வரும். ஸ்கேன் கேளுங்கள்.

ஸ்கேன் என்பது வயிற்றில் பிள்ளையைப் பார்க்கிறார்களே, அதே அல்ட்ராசவுண்ட்தான். அதே குளிர்ந்த ஜெல், அதே கருவி வகை, மார்பில் வைத்துப் பார்க்கிறார்கள். கதிர்வீச்சே கிடையாது. கர்ப்பிணிக்கு முதலில் செய்வது இதுதான், கட்டியைக் காட்டுவதில் இது மிகவும் கெட்டி. நீர் நிரம்பிய கட்டியா, திண்ணென்ற கட்டியா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

சந்தேகம் இருந்தால் மெமோகிராம். இங்கேதான் பலர் பின்வாங்குகிறார்கள், எக்ஸ்ரே ஆயிற்றே என்று. மெமோகிராமில் கதிர்கள் மார்புக்குக் குறுக்கே போகின்றன, வயிற்றை நோக்கி அல்ல. கருவுக்குப் போய்ச் சேரும் அளவு 0.001 முதல் 0.01 மில்லிகிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). கருவுக்குக் கெடுதல் வரக்கூடும் என்று கவலைப்படத் தொடங்கும் அளவு 50 மில்லிகிரே. அதில் ஐந்தாயிரத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் இது. வயிற்றின் மேல் ஈய மறைப்பும் போடலாம். கர்ப்பத்தில் மார்பு அடர்த்தியாக இருப்பதால் மெமோகிராமில் எல்லாம் வெள்ளையாகத் தெரியக்கூடும். மெமோகிராம் தெளிவாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தட்டுப்படும் கட்டியை விட்டுவிடவும் கூடாது.

பிறகு பயொப்சி. ஒரு பெண் அறைக்குள் போனால் என்ன நடக்கும் என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். மல்லாந்து, கர்ப்பம் கூடியிருந்தால் கொஞ்சம் இடப்பக்கம் சரிந்து படுக்கச் சொல்வார்கள். பல் பிடுங்கும்போது கொடுப்பது போன்ற மரத்துப்போகும் ஊசி ஒன்று. அது மட்டும் சுள்ளென்று எரியும். பிறகு தோலில் ஒரு சின்னக் கீறல். ஸ்கேன் திரையில் கட்டியைப் பார்த்துக்கொண்டே தடித்த ஊசி ஒன்றை உள்ளே கொண்டுபோவார்கள். டக் என்று ஒரு சத்தம் கேட்கும். நூல் துண்டு அளவில் சதை வரும். நாலைந்து துண்டு எடுத்ததும் முடிந்தது. அழுத்திப் பிடித்து, பிளாஸ்டர் ஒட்டி அனுப்பிவிடுவார்கள். அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம், பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. ஊசி குத்தினால் பரவும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுக்கும் பரிசோதனை மட்டும் போதாது. கர்ப்பத்தில் சாதாரண மார்புக் கலங்களும் வேகமாகப் பெருகுவதால், தனிக் கலங்களை மட்டும் பார்க்கும்போது நல்லதையும் கெட்டதையும் குழப்பிக்கொள்ள இடமுண்டு. துண்டாகச் சதை வேண்டும். அப்புறம், ஆய்வுகூடத்துக்குப் போகும் படிவத்தில் "கர்ப்பிணி, இத்தனை வாரம்" என்றோ "பால் கொடுக்கிறார்" என்றோ எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் போனால் நுணுக்குக்காட்டியில் பார்ப்பவர் தடுமாற வேண்டி வரும்.

புற்றுநோய் என்று உறுதியானால், எங்காவது பரவியிருக்கிறதா என்று பார்க்க நெஞ்சு எக்ஸ்ரே, ஈரல் ஸ்கேன், தேவைப்பட்டால் மருந்து ஏற்றாத எம்ஆர்ஐ. இவை போதும். வயிற்று சீடி ஸ்கேன், எலும்பு ஸ்கேன், பெட் ஸ்கேன் போன்றவற்றைப் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்வார்கள்.

தாயா பிள்ளையா என்ற கேள்வி

ரிப்போர்ட் கையில் வந்த அன்றைக்கு வீட்டில் எழும் முதல் கேள்வி இதுதான்: யாரைக் காப்பாற்றுவது? அந்தக் கேள்வியே பெரும்பாலான தாய்மாருக்குப் பொருந்தாது. இருவருக்கும் சேர்த்துச் சிகிச்சை செய்ய முடியும், செய்தும் வருகிறார்கள்.

வெளிநாட்டு இணையத்தளங்களைப் படித்தால் முதல் மூன்று மாதத்தில் கருவைக் கலைப்பதை ஒரு தெரிவாக எழுதியிருப்பார்கள். இலங்கையில் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, 303ஆம் பிரிவின்படி, தாயின் உயிரைக் காப்பாற்றும் நோக்கத்துக்கு மட்டுமே அதை அனுமதிக்கிறது. அந்தச் சட்டம் சரியா பிழையா என்பது தனி விவாதம், பேச வேண்டிய விவாதமும்கூட. ஆனால் இந்த நோயைப் பொறுத்தவரை ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: கருவைக் கலைத்தால் தாயின் ஆயுள் கூடும் என்று ஆய்வுகள் காட்டவில்லை. கர்ப்பமாக இருக்கும்போதே கண்டுபிடிக்கப்பட்டு, உரிய நேரத்தில் முறையான சிகிச்சை பெற்ற பெண்களை, அதே வயதில், அதே கட்டத்தில், கர்ப்பமில்லாமல் இருந்த பெண்களோடு ஒப்பிட்டபோது, உயிர் பிழைக்கும் அளவு ஏறத்தாழ ஒன்றாகத்தான் இருந்தது. பிரசவத்துக்குப் பின் கண்டுபிடிக்கப்பட்டவர்களின் நிலைதான் கொஞ்சம் மோசம். "பிள்ளை பிறக்கட்டும்" என்று தள்ளுவதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

ஒபரேஷனை எந்த மாதத்திலும் செய்யலாம். இன்றைய பொது மயக்க மருந்துகள் கருவுக்குப் பாதுகாப்பானவை. இருபது வாரத்துக்குப் பிறகு, கருப்பை பெரிய இரத்தக் குழாயை அழுத்தாதபடி மேசையில் இடப்பக்கம் சரித்துப் படுக்க வைப்பார்கள். இரத்தம் கட்டாமல் இருக்க ஊசி போடுவார்கள். மார்பை முழுக்க எடுப்பதா, கட்டியை மட்டும் எடுப்பதா என்பது வாரத்தைப் பொறுத்தது. கட்டியை மட்டும் எடுத்தால் பிறகு கதிர்வீச்சு வேண்டும், ஆட்கள் கரண்ட் வைப்பது என்று சொல்வது. அது பிரசவத்துக்குப் பிறகுதான். ஆறாம் ஏழாம் மாதத்தில் இருப்பவருக்கு ஒபரேஷன், கீமோ, பிரசவம் எல்லாம் முடிந்து கரண்டுக்கு முறை வரும்போது பிள்ளை ஏற்கெனவே தொட்டிலில் இருக்கும். ஆகவே பலருக்கு மார்பைக் காப்பாற்றவும் முடிகிறது. நோய் பரவினால் முதலில் போய்ச் சேரும் அக்குள் கணுவை அடையாளம் காணக் கதிரியக்கத் திரவம் மிகச் சிறிய அளவில் பயன்படுத்தலாம். நீலச் சாயத்தைக் கர்ப்பத்தில் தவிர்ப்பார்கள்.

கீமோ என்றவுடன்தான் எல்லோரும் நடுங்குகிறார்கள். நியாயம்தான். முதல் மூன்று மாதத்தில் கீமோ கொடுக்கக்கூடாது. கருவின் உறுப்புகள் உருவாகும் காலம் அது, குறைபாடு வரும் வாய்ப்பு அதிகம். பதினாலாம் வாரம் தாண்டினால் கதை மாறுகிறது. அதன் பிறகு டொக்சோரூபிசின், சைக்ளோபொஸ்பமைட் என்ற பழகிய மருந்துகளைக் கொடுக்கலாம். சிவப்பு நிறத்தில் சேலைனோடு ஏறுவது டொக்சோரூபிசின்தான். இந்தக் காலத்தில் கீமோ பெற்ற தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பிறவிக் குறைபாடு வரும் அளவு, பொதுவாக எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்கும் 3 சதவீதத்துக்குக் கிட்டத்தான். டக்ஸேன் வகை மருந்துகளும் இப்போது தேவையைப் பொறுத்துக் கொடுக்கப்படுகின்றன.

பிள்ளை வளர்ந்தபின் மூளை வளர்ச்சி எப்படி இருக்கும் என்று ஒரு தாய் கேட்டால் அதற்கும் பதில் இருக்கிறது. பெல்ஜியத்தின் லூவன் நகரைச் சேர்ந்த பிரெடெரிக் அமன்ட் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், தாய்க்குக் கர்ப்பத்தில் புற்றுநோய் இருந்த 129 பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டார்கள். அவர்களில் 96 பேர் வயிற்றில் இருக்கும்போதே கீமோவுக்கு உள்ளானவர்கள். அறிவு வளர்ச்சியிலும் இதயத்திலும் வித்தியாசம் தெரியவில்லை. பிள்ளைகளின் வளர்ச்சியைப் பாதித்தது குறைமாதப் பிறப்புத்தான். சிகிச்சையைத் தொடங்குவதற்காக அவசரப்பட்டு எட்டாம் மாதத்திலேயே பிள்ளையை வெளியே எடுப்பது, கீமோவை வயிற்றோடு வாங்குவதை விடக் கெடுதலாகலாம். முடிந்தவரை 37 வாரம் வரை கொண்டுபோவதுதான் இன்றைய வழி.

கொடுக்கக்கூடாத மருந்துகளும் இருக்கின்றன. ஹேர்-2 என்ற புரதம் அதிகமுள்ள புற்றுநோய்க்குக் கொடுக்கும் டிரஸ்டுசுமாப்பைக் கர்ப்பத்தில் கொடுத்தால் பனிக்குட நீர் வற்றும். ஹோர்மோன் மருந்தான டமொக்ஸிஃபென் கருவுக்குக் கெடுதல். இரண்டும் பிரசவத்துக்குப் பிறகு. கீமோவோடு வரும் வாந்திக்கு ஒண்டன்செட்ரோன் கொடுக்கலாம்; ஸ்டீரோயிட் தேவைப்பட்டால் பிள்ளையை அதிகம் எட்டாத பிரெட்னிசொலோன் வகையைத் தெரிவு செய்வார்கள். 35 வாரம் அளவில், அல்லது பிரசவத் திகதிக்கு மூன்று வாரத்துக்கு முன், கீமோவை நிறுத்திவிடுவார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் இரத்த அணுக்கள் திரும்ப ஏறுவதற்கு அந்த இடைவெளி வேண்டும். இதற்கிடையில் பிள்ளையின் வளர்ச்சியை அடிக்கடி ஸ்கேனில் பார்த்துக்கொண்டே வருவார்கள்.

கொழும்புக்குள் ஓடித் திரிவது

இவ்வளவும் புத்தகத்தில் ஒழுங்காக இருக்கிறது. கொழும்பில் இதை நடத்துவதற்கு இரண்டு உலகங்களை இணைக்க வேண்டும். பொரளையில் காசல் வீதி மகளிர் வைத்தியசாலை, தேசிய வைத்தியசாலைக்குப் பக்கத்தில் டி சொய்சா, தெற்கே களுபோவில, இவை பிள்ளை பெறும் இடங்கள். புற்றுநோய்க்கு மஹரகமவில் அபேக்ஷா. இரண்டுக்கும் இடையில் ஒரு 138 பஸ்ஸும், இரண்டு ஃபைலும், இரண்டு விதமான கிளினிக் நாளும் இருக்கின்றன. மகப்பேற்று டொக்டர் தன் ஃபைலில் எழுதியது மஹரகமவுக்குத் தெரியாது. அங்கே தீர்மானித்த கீமோ நாள் இங்கே தெரியாது. இடையில் கடிதம் தூக்கிக்கொண்டு திரிவது வயிற்றுப் பிள்ளைக்காரிதான். அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசில்லை என்பது பெரிய ஆறுதல், ஆனால் அலைச்சலுக்கு விலை இருக்கிறது. சத்திரசிகிச்சை நிபுணர், புற்றுநோய் மருத்துவர், மகப்பேற்று மருத்துவர், குழந்தை மருத்துவர் நால்வரும் ஒரு மேசையில் உட்கார்ந்து ஒரே திட்டம் எழுத வேண்டிய நோய் இது. அது தானாக நடக்காவிட்டால், "மற்ற டொக்டரோடு பேசினீர்களா?" என்று கேட்கக் குடும்பத்தில் ஒருவர் தயாராக இருக்க வேண்டும். அந்த ஒருவர் கணவராக இருந்தால் நல்லது, வேலைக்கு லீவு போட்டாவது.

ஒரு கொப்பி வாங்குங்கள். எத்தனையாம் வாரத்தில் என்ன செய்தார்கள், எந்த மருந்து எத்தனை மில்லிகிராம், அடுத்த நாள் எது என்று எழுதுங்கள். கர்ப்பப் பதிவட்டை, பயொப்சி ரிப்போர்ட், ஹோர்மோன் ஏற்பிகளும் ஹேர்-2வும் பார்த்த ரிப்போர்ட், ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாவற்றுக்கும் போட்டோக்கொப்பி இரண்டு. தனியார் கூடத்தில் பயொப்சி செய்திருந்தால் அந்தச் சதைத் துண்டு வைத்த மெழுகுக் கட்டியைக் கேட்டு வாங்கி வைப்பது நல்லது, திரும்பப் பரிசோதிக்க வேண்டி வரலாம்.

மொழி ஒரு பெரிய மதில். வெள்ளவத்தையில் வளர்ந்தவருக்குச் சிங்களம் கடைக்குப் போதும், "கீமோ மூன்றாவது சுற்று தள்ளிப்போகிறது, வெள்ளை அணு குறைவு" என்பதை விளங்கிக்கொள்ளப் போதாது. மலையகத்திலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்தவர்களுக்கும் அதே நிலைதான். 1987இன் 13ஆம் திருத்தத்திலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. சம்மதப் படிவத்தில் கையெழுத்து வைக்க முன் தமிழில் விளக்கம் கேட்பது கெஞ்சிக் கேட்கிற உதவி அல்ல, உரிமை. வார்டில் தமிழ் தெரிந்த நர்ஸ், டொக்டர், மாணவர் யாராவது இருப்பார்கள். தயங்காமல் கேளுங்கள். பெண் டொக்டரிடம் காட்ட விரும்பினால் அதையும் கேட்கலாம். ஆனால் பெண் டொக்டர் வரும் நாளுக்காக ஒரு மாதம் காத்திருக்காதீர்கள்.

பிள்ளை பிறந்த பிறகு

மார்பகப் புற்றுநோய் இருக்கிறது என்பதற்காக சிசேரியன் வேண்டியதில்லை. சுகப்பிரசவம் நடந்தால் உடம்பு சீக்கிரம் தேறும், நிறுத்திய கீமோவை முந்தித் தொடங்கலாம். நச்சுக்கொடியைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். தாயின் புற்றுநோய் பிள்ளைக்குத் தொற்றுவது மிக மிக அரிது, பால் மூலம் புற்றுநோய் போகாது. ஆனால் கீமோ, டமொக்ஸிஃபென், டிரஸ்டுசுமாப் மருந்துகள் பாலில் போகும், அதனால் அவற்றை எடுக்கும் காலத்தில் பால் கொடுக்கக்கூடாது. தாய்ப்பாலைப் பற்றி இந்த நாட்டில் எவ்வளவு அழுத்திச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் மா போத்தல் கொடுக்கும் தாயைப் பார்த்து வார்டிலும் ஊரிலும் ஏதாவது சொல்வார்கள். மாமியும் மச்சாளும் அந்தப் பெண்ணுக்கு முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். சிகிச்சை எல்லாம் முடிந்து பிறகொரு காலத்தில் இன்னொரு பிள்ளை பெற்றால், நோய் வராத மார்பிலிருந்து பால் கொடுக்க முடியும்.

வழக்கமாகத் தவறிப்போகிற ஒரு விஷயம் குடும்பக் கட்டுப்பாடு. பிரசவம் முடிந்து சில வாரத்தில் மிட்வைஃப் வீட்டுக்கு வந்து டெப்போ ஊசியா, குளிசையா, கையில் வைக்கும் இம்பிளான்டா என்று அன்போடு கேட்பார். மார்பகப் புற்றுநோய் உள்ளவருக்கு இந்த மூன்றும் ஆகாது, மூன்றிலும் ஹோர்மோன் இருக்கிறது. செம்பு லூப் அல்லது கொண்டம் போதும். நோயைப் பற்றி மிட்வைஃபிடம் மறைக்காமல் சொல்லியிருந்தால்தான் அவர் சரியானதைத் தருவார்.

குடும்பத்தில் அம்மா, சித்தி, அக்கா என்று இளம் வயதில் மார்பகப் புற்றுநோயோ சூலகப் புற்றுநோயோ வந்தவர்கள் இருந்தால், இந்த நோய்கள் குடும்பத்தில் வழிவழியாக வரக் காரணமாகும் பிஆர்சிஏ மரபணு மாற்றத்துக்கான பரிசோதனையைப் பற்றி டொக்டரிடம் கேட்க வேண்டும். அதன் முடிவு அந்தப் பெண்ணுக்கு மட்டுமல்ல, அவருடைய தங்கைக்கும் வழி காட்டும்.

இன்னொரு பிள்ளை பெறலாமா என்று கேட்கத் தயங்குவார்கள். கேட்கலாம். 2023இல் வெளியான பொசிட்டிவ் என்ற பன்னாட்டு ஆய்வில், ஹோர்மோன் மருந்தை 18 முதல் 30 மாதம் வரை எடுத்த இளம் பெண்கள் ஐநூறுக்கு மேற்பட்டோர், கர்ப்பம் தரிப்பதற்காக அதை இரண்டு வருடம் வரை நிறுத்திவைத்தார்கள். மூன்று வருடத்தில் நோய் திரும்பியவர்கள் 8.9 சதவீதம். நிறுத்தாமல் மருந்து எடுத்த ஒத்த பெண்களில் அது 9.2 சதவீதம். நீண்ட கால முடிவுகளுக்காக அவர்களை இன்னும் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். டமொக்ஸிஃபென் எடுப்பவர்கள் அதை நிறுத்திக் குறைந்தது மூன்று மாதம் கழிய விட்டபின்தான் முயற்சி செய்ய வேண்டும், நிறுத்தும் நாளை மஹரகம டொக்டரோடு பேசி முடிவு செய்ய வேண்டும்.